ஒரே காணி, மூன்று குடும்பம்: துண்டாக்குவதா, மாடி எழுப்புவதா, சின்னத் தொடர்மாடி கட்டுவதா?

இலங்கையின் மலையக நகரங்களில் இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு இருக்கிறது. அப்பா காலத்தில் வாங்கிய காணி, அதில் ஒரு வீடு. பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமும் முடித்துவிட்டார்கள். ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா என்று எங்கே விசாரித்தாலும் டவுனுக்குக் கிட்ட ஒரு துண்டுக் காணி வாங்குவது மாதச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் இருக்கிற காணியிலேயே எல்லாரும் இருக்க வழி தேடுகிறார்கள்.

பேச்சுக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். ஹட்டன்–டிக்கோயா நகர சபை எல்லைக்குள் 14 பேர்ச் காணி (ஒரு பேர்ச் ஏறக்குறைய 25 சதுர மீட்டர்), சின்னக்கர உறுதி, அதாவது முழு உரிமையுள்ள தனியார் காணி. ரோட்டோரமாக ஒரு பழைய வீடு, அதன் பின்னால் ஏறிப்போகும் சரிவு. அப்பா இறந்துவிட்டார், மரண சாசனம் எழுதவில்லை. அம்மா, அக்கா, இரண்டு தம்பிமார். இவர்களுக்கு முன்னால் நான்கு வழிகள் உண்டு. பழைய வீட்டோடு ஒரு அனெக்ஸோ மாடியோ சேர்க்கலாம். காணியைத் துண்டாக்கித் தனித்தனி வீடு கட்டலாம். வீட்டை இடித்துவிட்டு மூன்று வீடுள்ள சின்னத் தொடர்மாடி ஒன்றை முறையாக அனுமதி எடுத்துக் கட்டலாம். இல்லையென்றால் விற்றுப் பங்கு போட்டுக்கொண்டு போகலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண் இடம் கொடுத்தால் மூன்றாவது வழிதான் நல்லது. மலைக்காணியைத் துண்டாக்கத் துண்டாக்க வெட்டும் மண்ணும் கட்டும் மதிலும் பெருகும், வீட்டுக்கு மிஞ்சுவது குறையும். ஆனால் அந்த மூன்றாவது வழி சரிவருவதற்கு, அத்திவாரம் வெட்டும் முன்பே யாருக்கு எது என்று எழுத்தில் இருக்க வேண்டும். அதைச் செய்ய மனமில்லாத குடும்பம் தொடர்மாடியை நினைக்காமல் இருப்பதே மேல்.

முதலில் காணி யாருடையது?

பலர் பிளான் வரைபவரிடம் போன பிறகுதான் இதை யோசிக்கிறார்கள். வடக்கில் உள்ள தேசவழமைச் சட்டம் மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. இங்கே பொதுச் சட்டம்தான். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, சாசனம் எழுதாமல் கணவர் இறந்தால் அவர் பெயரிலிருந்த ஆதனத்தில் பாதி மனைவிக்கு. மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகள் கல்யாணம் முடித்துப் போயிருந்தாலும் பங்கு பங்குதான். நகை போட்டு அனுப்பியதால் மட்டும் அந்த உரிமை தானாகப் போய்விடாது.

நம் குடும்பத்தின் 14 பேர்ச்சில் அம்மாவுக்கு 7 பேர்ச் அளவான பங்கு, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 2⅓ பேர்ச் அளவான பங்கு. இவை பிரிபடாத பங்குகள். இந்த மூலை எனக்கு, அந்த மூலை உனக்கு என்று எவரும் கைகாட்ட முடியாது. ஒவ்வொரு பிடி மண்ணிலும் நால்வருக்கும் பங்கு உண்டு.

இதில் இரண்டு ஆபத்துகள். கூட்டுச் சொந்தக்காரரில் ஒருவர் தன் பிரிபடாத பங்கை மற்றவர்களிடம் கேட்காமலே வெளியாளுக்கு விற்கலாம். வாங்கிய வெளியாள் அடுத்த நாளே மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவினை வழக்குப் போடலாம். இரண்டாவது, மற்றவர்களின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் ஒருவர் வீடு கட்டினால், கட்டுமானத்தை நிறுத்தும்படி மற்றவர் தடை உத்தரவு கேட்கலாம். அண்ணன் தம்பிக்குள்ளே அப்படியெல்லாம் நடக்காது என்று எல்லாரும் சொல்வார்கள். அண்ணன் தம்பிக்குள் நடக்காமல் இருக்கலாம். அவர்களின் பிள்ளைகள் தலையெடுக்கும்போது அந்த உத்தரவாதம் இல்லை.

அப்புறம் இன்னொன்று. மேலே சொன்னதெல்லாம் சின்னக்கர உறுதிக் காணிக்குத்தான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரமோ, ஜயபூமி, சுவர்ணபூமி போன்ற அரச காணி அளிப்போ உங்கள் கையில் இருந்தால் கதை வேறு. அங்கே வாரிசு யார் என்பதற்குத் தனி விதி உண்டு. கைமாற்றுவதற்கும் துண்டாக்குவதற்கும் பிரதேச செயலகத்தைக் கேட்க வேண்டும். தொடர்மாடி உறுதி அதன் மேல் எழுதவே முடியாது. அதை முழு உரிமையாக மாற்றிக்கொள்வதுதான் அவர்களுக்கு முதல் வேலை. தோட்டத்து 7 பேர்ச் வீட்டுத் திட்டங்களில் இருப்போருக்கும் உறுதி கைக்கு வந்து பதிவாகும்வரை இந்தப் பேச்சுக்கு இடமில்லை.

வலயத்தை மாற்ற முடியுமா?

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள், “அந்தக் காணியைப் பல குடும்ப வலயமாக மாற்றி எடுங்கள்” என்று போனில் சொல்வார்கள். இங்கே ஒரு தனிக் காணிக்காக வலயம் மாற்றும் பழக்கம் கிடையாது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் நகரம் முழுவதற்குமாக அபிவிருத்தித் திட்டம் தயாராகி வர்த்தமானியில் வெளியாகிறது. அதில் எந்த வலயத்தில் எதைக் கட்டலாம் என்று இருக்கும். அந்தத் திட்டத்தையே திருத்துவதென்றால் மறுபடி வர்த்தமானி வரை போக வேண்டும். ஒரு குடும்பம் தாங்கக்கூடிய வேலையல்ல அது.

நல்ல செய்தி என்னவென்றால் பெரும்பாலும் அதற்குத் தேவையே வராது. குடியிருப்பு வலயத்தில் இரண்டு மூன்று வீடுள்ள கட்டிடமும் குடியிருப்புத்தான். வலயத்தின் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதோடு வரும் நிபந்தனைகள்தான் முக்கியம்: காணி அளவு, முன்னால் உள்ள பாதையின் அகலம், எத்தனை மாடி, காணியில் எவ்வளவு பங்கைக் கட்டிடம் மூடலாம், வாகனம் நிறுத்த இடம், பின்புறத் திறந்த வெளி. வீட்டின் எண்ணிக்கை கூடக் கூட, கேட்கும் பாதை அகலமும் கூடும். மலையகத்தில் பல விண்ணப்பங்கள் முட்டுப்படுவது இந்தப் பாதையில்தான். காணி தாராளமாக இருக்கும், அதற்குப் போகும் ஒழுங்கையில் ஒரு முச்சக்கரவண்டிதான் நுழையும்.

ஆகவே பிளான் வரையக் காசு கொடுக்கும் முன் ஆரம்பத் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். “இந்தக் காணியில் மூன்று வீடுள்ள கட்டிடம் கட்டலாமா, என்ன நிபந்தனை?” என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைக்கும். அதன் பிறகுதான் முழு விண்ணப்பம், நகர சபையின் திட்டமிடல் குழு, அபிவிருத்தி அனுமதி. கவுன்டரில் நின்றுகொண்டு வாயால் கேட்டுவந்த பதிலை நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

மண் சொல்வதைக் கேட்க வேண்டும்

வலயத்துக்கு முன்னால் சரிவுதான் முடிவு சொல்கிறது. நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டிட அனுமதிக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை தேவை. அதிகாரிகள் காணிக்கு வந்து பார்ப்பார்கள். கட்டலாம் என்றோ, நிபந்தனையோடு கட்டலாம் என்றோ, கூடாது என்றோ சொல்வார்கள். கூடாது என்று வந்தால் மேலே சொன்ன நான்கு வழிகளில் முதல் மூன்றும் முடிந்தது. அந்த அறிக்கையைத் தடையாகப் பார்க்கும் மனப்பான்மை நம்மிடம் இன்னும் இருக்கிறது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் இறங்கியதையும் பார்த்தோம். இதற்குப் பிறகும் யாரைப் பிடித்தால் அறிக்கை கிடைக்கும் என்று கேட்பவரைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்த வீட்டில் படுக்கப்போவது அவருடைய பிள்ளைகள்.

சரிவு எப்படிச் செலவையும் ஆபத்தையும் கூட்டுகிறது என்பதை ஒரு கணக்கில் பாருங்கள். 20 பாகை சரிவில், 32 அடி ஆழமுள்ள வீட்டுக்காக மலையை ஒரே மட்டமாக வெட்டினால், வீட்டின் பின்னால் கிட்டத்தட்ட 12 அடி உயரத்துக்கு வெட்டுமண் சுவர்போல் நிற்கும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் செம்மண். முதல் வருடம் அதன்மேல் பொலித்தீன் விரித்துவைப்பார்கள். இரண்டாம் வருடம் அடியில் சிவப்புத் தண்ணீர் கசியும், கானில் சேறு நிரம்பும். மூன்றாம் வருடம் கருங்கல் மதில் கட்டக் கடன் தேடுவார்கள். அதே வீட்டை 16 அடி, 16 அடியாக இரண்டு படியில் இறக்கிக் கட்டினால் ஒவ்வொரு வெட்டும் 6 அடிக்குள் முடிகிறது. தாங்குசுவரும் சிறிது, பின்னால் நிற்கும் மண்ணின் தள்ளலும் குறைவு. சரிவுக்கு ஏற்றபடி படியாகக் கட்டும்போது கீழ்வீட்டுக்கு ரோட்டுப் பக்கமாகவும் மேல்வீட்டுக்குப் பக்கவாட்டிலும் தனித்தனி வாசல் தானாகவே கிடைக்கும். பல குடும்பம் ஒரே கட்டிடத்தில் இருப்பதற்கு மலைச்சரிவு உண்மையில் வசதியானது. சமவெளிக்காரருக்கு அந்த வசதி இல்லை.

தண்ணீர்க் கணக்கும் முக்கியம். 1,280 சதுர அடிக் கூரையில் ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 12,000 லீட்டர் தண்ணீர் இறங்கும். ஹட்டன், வட்டவளைப் பக்கம் அப்படிப்பட்ட மழை புதிதல்ல. அது பீலியிலிருந்து மூடிய குழாய் வழியே கானுக்குப் போக வேண்டும், சரிவுக்குள் ஊறக் கூடாது. மலசலக் குழியின் உறிஞ்சுகுழியும் அப்படித்தான். தாங்குசுவருக்கு மேற்பக்கத்தில் உறிஞ்சுகுழி தோண்டினால், மூன்று குடும்பத்தின் தண்ணீரும் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் போய் நிற்கும். மதிலில் தண்ணீர் வெளியேற விட்ட துவாரங்களைச் சீமெந்து பூசி அடைத்துவிட்டு, வெள்ளையும் அடித்து வைத்திருக்கும் வீடுகளை இன்றும் காணலாம். அந்தத் துவாரங்கள்தான் மதிலைக் காப்பாற்றுகின்றன.

மண் வெட்டும் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நாவலப்பிட்டிப் பக்கம் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை மண் வேலைக்கு நல்ல காலம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பெருமழை, அங்கே வருட நடுப்பகுதி காய்ந்திருக்கும். கொந்தராத்துக்காரர் சொல்லும் தேதிக்காக மழை மாதத்தில் மலையை வெட்டித் திறந்து விடாதீர்கள்.

இப்போது வழிகளை எடைபோடுவோம்

அனெக்ஸ், அல்லது மேல்மாடி. கையில் காசு குறைவானவர்கள் முதலில் நினைப்பது இதைத்தான். இடிக்க வேண்டாம், இருக்கிற சுவரில் ஏறிக்கொள்ளலாம். பழைய வீட்டின் அத்திவாரம் ஒரு மாடிக்காகப் போட்டது என்றால் அதன்மேல் ஸ்லெப் ஏற்றுவதற்கு முன் பொறியியலாளர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். மேசன் பாஸின் அனுபவம் பெரியதுதான், ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் போட்ட அத்திவாரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை அவராலும் மேலே நின்று சொல்ல முடியாது. மாடி எழுப்பவும் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் கட்டினால் நகர அபிவிருத்தி அதிகார சபையோ நகர சபையோ நீதவான் நீதிமன்றத்தில் இடிப்பு உத்தரவு பெறச் சட்டம் இடம் தருகிறது. அனுமதித்தபடி கட்டியிருக்கிறது என்று காட்டும் இணக்கச் சான்றிதழும் கிடைக்காது.

இதன் பெரிய குறை கட்டிடத்தில் இல்லை, உரிமையில் இருக்கிறது. மூத்த தம்பி வெளிநாட்டில் உழைத்த காசில் மாடி கட்டுகிறார். உறுதியில் அவர் பங்கு அப்போதும் ஆறில் ஒன்றுதான். நாளைக்குப் பிரிவினை வழக்கு வந்தால் கட்டியதற்காக இழப்பீடு கேட்கலாம், ஆனால் யார் கட்டினார், எவ்வளவு செலவழித்தார் என்று சீமெந்து பில் தேடி நிரூபிக்க வேண்டும். வங்கியும் பிரிபடாத ஒரு பங்கை நம்பிக் கடன் கொடுக்கத் தயங்கும், எல்லாக் கூட்டுச் சொந்தக்காரரும் கையெழுத்திட வேண்டும் என்று கேட்கும்.

மின்சாரக் கட்டணமும் உண்டு. வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 180 யூனிட்டைத் தாண்டினால் ஆக உயர்ந்த படி. மூன்று குடும்பம் ஆளுக்கு 70 யூனிட் பாவித்தால் ஒரே மீட்டரில் 210 ஆகிவிடுகிறது. தனி மீட்டர் என்றால் மூவரும் 61–90 படிக்குள் நிற்பார்கள். தனி மீட்டர் கேட்கும்போது தனி வீட்டிலக்கம் இருக்கிறதா என்பார்கள். அனெக்ஸுக்கு அதை எடுப்பது இழுபறி. அம்மாவோடு ஒரு பிள்ளை மட்டும் இருக்கப்போகிறது, மற்றவர்கள் எழுத்தில் ஒதுங்கிக்கொண்டார்கள் என்றால் அனெக்ஸ் நல்ல வழி. மூன்று குடும்பத்துக்கு அது போதாது.

துண்டாக்குவது. மனசுக்கு மிகவும் பிடித்த வழி இது. தனி உறுதி, தனி வாசல், தனி வேலி. லயன் வாழ்க்கையைக் கண்ட நம் சமூகத்துக்குத் தனி வீடு என்றால் மதிப்பு என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நடுச்சுவருக்கு அப்பால் இருமினால் இங்கே கேட்கும் அறையில் தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. “மறுபடியும் ஒரே கூரையா?” என்று அம்மா கேட்டால் அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

ஆனால் 14 பேர்ச்சில் கணக்குப் பாருங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபைப் பகுதிகளில் ஒரு துண்டின் குறைந்த அளவு பொதுவாக 150 சதுர மீட்டர், அதாவது சுமார் 6 பேர்ச். சில இடங்களில் இதைவிடக் கூடவும் கேட்பார்கள். ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர், ஆகவே நம் காணி 354 சதுர மீட்டர். மூன்றாகப் பிரித்தால் துண்டுக்கு 4⅔ பேர்ச்தான், அது செல்லாது. இரண்டாகப் பிரிக்கலாம் என்றால் பின் துண்டுக்குப் பாதை விட வேண்டும். 3 மீட்டர் அகலத்தில் 15 மீட்டர் நீளப் பாதை என்றாலே 45 சதுர மீட்டர், ஏறக்குறைய 1.8 பேர்ச் போய்விடும். மிஞ்சும் 12.2 பேர்ச்சில் இரண்டு துண்டு மயிரிழையில் தேறும். மூன்றாவது பிள்ளை? அந்தப் பாதையும் சரிவில் ஏறும் பாதை. கொங்கிரீட் போட்டால் மழையில் அதுவே ஆறு, போடாவிட்டால் சறுக்கல். பின் துண்டுக்காரருக்கு மேலே மண் வெட்டு, கீழே முன் துண்டுக்காரருக்குத் தாங்குசுவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் மதிலைக் கட்டும் பொறுப்பு யாருடையது என்பதில் சண்டை தொடங்கும்.

25, 30 பேர்ச் வைத்திருப்பவர்களுக்கு, அதுவும் இரண்டு பக்கம் ரோடு இருந்தால், துண்டாக்குவதுதான் சரி. எல்லாரும் சம்மதம் என்றால் சர்வேயரிடம் பிளான் எடுத்து, சபையில் துண்டாக்க அனுமதி வாங்கி, நொத்தாரிசு முன் பங்கீட்டு உறுதி எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்தால் போதும். சம்மதம் இல்லாவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்கு. வருடக்கணக்கில் இழுக்கும். பிரிக்க முடியாத அளவு சிறிய காணி என்றால் விற்றுப் பணத்தைப் பங்கிடும்படி நீதிமன்றம் சொல்லவும் கூடும்.

சின்னத் தொடர்மாடி. 40 அடிக்கு 32 அடி தளம் என்று வைப்போம். 1,280 சதுர அடி, காணியில் மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு மண்ணாகவும் மரமாகவும் நிற்கலாம். இரண்டு மட்டத்தில் 2,560 சதுர அடி. படிக்கட்டும் நடைவழியும் போக மூன்று வீட்டுக்கும் ஆளுக்கு 750 அடிக்கு மேல் வரும். தோட்டங்களில் இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய தனிவீடுகள் 550 சதுர அடி என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே அத்திவாரம், ஒரே கூரை, ஒரே தாங்குசுவர், மலையில் ஒரே வெட்டு. செலவில் பெரிய பங்கு மண்ணுக்குக் கீழேயும் கூரைக்கு மேலேயும் போகிற இடத்தில் இது பெரிய மிச்சம்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் பிளானில் இருக்கிறது. வாசல்கள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. படுக்கையறையும் அடுத்த வீட்டுச் சமையலறையும் ஒரே சுவரைப் பகிரக் கூடாது. நடுச்சுவர் 9 அங்குலம், ஸ்லெப் அடிவரைக்கும் ஏற வேண்டும். லயனில் தொல்லையாக இருந்தது அந்தச் சுவர் கூரைவரை போகாததுதான். வெளிப்படிக்கட்டு என்றால் கூரை போட்டது, நம் மழைக்குக் கூரையில்லாத படி பாசிபிடித்து வயதானவர்களை விழுத்தும். அம்மாவின் வீடு ரோட்டு மட்டத்தில். இதெல்லாம் பெரிய செலவில்லை, முதலிலேயே கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி உரிமை. கட்டி முடித்தபின் மூன்று வீட்டுக்கும் தனித்தனி உறுதி எடுக்க 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டம் வழி தருகிறது. அனுமதி பெற்ற சர்வேயர் கட்டிடத்துக்குரிய தொடர்மாடிப் பிளான் வரைவார். எது தனி வீடு, எது பொது இடம் என்று அதில் பிரித்துக் காட்டியிருக்கும். சபையின் ஒப்புதல், கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபையின் சான்றிதழ், பிறகு காணிப் பதிவகத்தில் பதிவு. பதிவானதும் ஒவ்வொரு வீடும் தனி ஆதனம். தனியாக விற்கலாம், ஈடு வைக்கலாம், வாடகைக்கு விடலாம். கூரை, தாங்குசுவர், கான், மலசலக் குழி ஆகியவை எல்லாருக்கும் பொது. அவற்றைப் பராமரிக்க உரிமையாளர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அமையும். மூன்று வீட்டுக்கு இவ்வளவு பெரிய பெயரா என்று நினைக்கலாம். ஆனால் தாங்குசுவர் பிளந்தால் யார் காசு போடுவது என்ற கேள்விக்குச் சட்டப்படி பதில் இருக்கிற ஒரே வழி இதுதான். மற்ற இரண்டு வழியிலும் அந்தக் கேள்வி உறவுமுறையில்தான் தொங்கும்.

குறைகளும் உண்டு. பழைய வீட்டை இடிக்கும்போது அம்மா ஒரு வருடமாவது வாடகை வீட்டில் இருக்க வேண்டும். கட்டும் காலத்தில் காணி இன்னும் ஒன்றாகவே இருப்பதால் வங்கிக் கடனுக்கு நால்வரும் ஈட்டில் கையெழுத்திட வேண்டும், ஒருவர் தவணை தவறினால் எல்லாருக்கும் அடி. சர்வேயர், பொறியியலாளர், அனுமதிக் கட்டணம், உறுதி என்று கல் வைக்கும் முன்பே கணிசமான பணம் போகும். பாதை அகலம் போதாதென்று மூன்று வீட்டுக்குப் பதில் இரண்டுக்குத்தான் அனுமதி கிடைக்கவும் கூடும். அப்படி வந்தால் இரண்டு வீடு கட்டி, மூன்றாமவரின் பங்கைப் பணமாகக் கொடுத்துத் தீர்ப்பதுதான் நேர்மை. இரண்டுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே மூன்றாகத் தடுக்கிற வேலை வேண்டாம். தொடர்மாடிப் பிளான் எடுக்கும் நாளில் அது பிடிபட்டுவிடும்.

அத்திவாரத்துக்கு முன் எழுத வேண்டியது

மூன்று வீடு, நான்கு சொந்தக்காரர்கள், அதில் பாதி அம்மாவுடையது. இதைச் சரிசெய்யாமல் தொடங்கக் கூடாது. வழக்கமாகச் செய்வது, அம்மா தன் பாதியை மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக நன்கொடை உறுதியில் எழுதுவது. அப்போது ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒன்று. ஆனால் அந்த உறுதியில் அம்மாவின் சீவிய உருத்து கட்டாயம் இருக்க வேண்டும். மீளப்பெற முடியாத நன்கொடையைப் பிள்ளை நன்றிகெட்டு நடந்தது என்ற காரணத்துக்காக இரத்துச் செய்ய, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம்தான் போக வேண்டும். எழுபது வயதில் எந்த அம்மாவும் பிள்ளைக்கு எதிராக வழக்குப் போட்டு அலையக் கூடாது. சீவிய உருத்து இருந்தால் அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. “பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்தானே” என்று சொல்லி இந்த வரியை விடச்சொல்லும் பிள்ளை எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும், அந்த ஆலோசனையை மட்டும் கேட்காதீர்கள்.

அக்கா கண்டியில் குடியேறிவிட்டார், வீடு வேண்டாம் என்றால் அவர் பங்கைத் தம்பிமார் விலைகொடுத்து, உறுதி எழுதி வாங்க வேண்டும். “எனக்கு எதுவும் வேண்டாம்” என்று அக்கா வாயால் சொன்னது போதாது. அது அவர் மனசின் பெருந்தன்மை. சட்டத்தில் அவர் பங்கு அப்படியே இருக்கும், பிறகு அவர் பிள்ளைகளுக்குப் போகும். அப்புறம் ஒரு நொத்தாரிசு ஒப்பந்தம்: எந்த வீடு யாருக்கு, யார் எவ்வளவு போடுகிறார், இடையில் ஒருவரால் காசு போட முடியாவிட்டால் என்ன, தொடர்மாடிப் பதிவு வரும்வரை யாரும் பங்கை வெளியாளுக்கு விற்கக் கூடாது. இலங்கையில் காணி பற்றிய உடன்பாடு நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை நீதிமன்றத்தில் வைக்க முடியாது.

விற்றுவிட்டுப் போவது பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. மண்சரிவு அறிக்கை கூடாது என்று வந்தால், விற்பதைப் பற்றிப் பேசும்போது வாங்குபவருக்கும் அந்த அறிக்கையைக் காட்டுங்கள். அறிக்கை சாதகம், ஆனால் குடும்பம் ஒத்துப்போகவில்லை என்றால், வெளியாளுக்கு விற்கும் முன் ஒரு பிள்ளை மற்றவர்களின் பங்கை வாங்க முடியுமா என்று பாருங்கள். நகருக்குள் ஒருமுறை கைவிட்ட காணியை அதே விலைக்குத் திரும்ப வாங்கியவர் குறைவு.

நம் குடும்பம் தொடர்மாடி என்று முடிவெடுத்தால் ஒழுங்கு இப்படி: உறுதியையும் பழைய சர்வே பிளானையும் எடுத்துக்கொண்டு நொத்தாரிசு, காணிப் பதிவகத்தில் தேடல், புதிய சர்வே, சபையில் வீதிக் கோட்டுச் சான்றிதழ், ஆரம்பத் திட்டமிடல் அனுமதி, மண்சரிவு மதிப்பீடு, நன்கொடை உறுதியும் ஒப்பந்தமும், அதன் பிறகு பிளான். அம்மாவையும் ஒருமுறை சபைக்குக் கூட்டிப்போங்கள். விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து அவருடையதுதான், அதிகாரி சொல்லும் நிபந்தனைகளை அவர் காதாலேயே கேட்கட்டும்.